இரவு டியூட்டியில் போக்சோ கேஸ் வந்தால்: மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்ததும் ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது, எந்தக் குப்பையை எந்த நிறக் கவரில் போடுவது, சி.பி.ஆர். எப்படிக் கொடுப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் பத்து வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கேஷுவாலிட்டி வாசலில் வந்து நின்று, "சிஸ்டர், தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்றால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் இருக்கும் சீனியரும் "ஜி.எச்.சுக்கு அனுப்பிடு" என்பார். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

போக்சோ என்பது 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு மருத்துவமனைகளில், அரசோ தனியாரோ, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ், டியூட்டி டாக்டர், லேப் டெக்னீஷியன், செக்யூரிட்டி எல்லோருக்கும். நம் வேலை மூன்றுதான்: வைத்தியம் பார்ப்பது, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைப்பது, உரிய இடத்துக்குத் தகவல் சொல்வது. நடந்தது உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது நம் வேலை அல்ல. இந்த நான்காவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. முதல் வாரத்திலேயே தேடி வைக்க வேண்டியவை

கேஸ் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. பகல் டியூட்டியில் இருக்கும்போதே இவை எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஆர். புத்தகம் (காயம், வன்முறை கேஸ்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்). போலீசுக்குத் தகவல் தரும் இன்டிமேஷன் படிவம். பாலியல் வன்முறைப் பரிசோதனைக்கான கிட். இல்லாவிட்டால் ஸ்டெரைல் ஸ்வாப், கண்ணாடி ஸ்லைடு, பழுப்புக் காகித உறைகள், அரக்கு, முத்திரை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட பரிசோதனைப் படிவத்தின் நகல். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரவில் யாரிடம் இருக்கிறது, அந்த அலமாரிச் சாவி யார் கையில் என்பதையும் கேட்டு வையுங்கள். மாத்திரை மருத்துவமனையிலேயே இருந்தும், சாவி பகல் டியூட்டி ஃபார்மசிஸ்டிடம் இருந்ததால் விடியும் வரை காத்திருப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

எண்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098. பெண்களுக்கு 181. அவசரக் காவல் உதவிக்கு 112. முதியோருக்கு 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இவற்றோடு உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றின் தொலைபேசி எண்களையும் எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டி வையுங்கள். உங்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால் நீங்கள் லீவில் இருக்கும் நாளில் அது உதவாது.

2. முதலில் வைத்தியம், காகிதம் அப்புறம்

குழந்தையோ பெண்ணோ நேராக மருத்துவமனைக்கு வரலாம். எஃப்.ஐ.ஆர். வேண்டியதில்லை, போலீஸ் மெமோ வேண்டியதில்லை, மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 6-ஆம் விதி இதை நேரடியாகச் சொல்கிறது: அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது. "போலீஸோட வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினால் அது சட்டமீறல்.

செலவு: பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இதுவே விதி. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 397-ஆம் பிரிவு இது. மீறினால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 200-ஆம் பிரிவின்படி மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே பில்லிங் கவுன்டரில் இருப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் சரியாக நடந்துகொண்டு, கவுன்டரில் "ஐயாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் மாட்டுவது மருத்துவமனைதான்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ரத்தக்கசிவை நிறுத்தி, வலிக்கு மருந்து கொடுத்து, தடுப்பு மருந்தின் முதல் வேளையைக் கொடுத்து, போலீசுக்குத் தகவல் சொல்லி, எழுத்தில் ரெஃபரல் கொடுத்து, 108-இல் அனுப்புங்கள். 108-க்குக் காசு கிடையாது. உடையை மாற்றவோ குளிக்கவோ கழுவவோ சொல்லி அனுப்பாதீர்கள்.

3. யாரும் சொல்லாமல் வரும் கேஸ்கள்

"எம் பொண்ண ஒருத்தன்..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. வயிற்றுவலி, சிறுநீர்க் கடுப்பு, "கட்டில்ல இருந்து விழுந்துட்டான்" என்றுதான் பெரும்பாலும் வரும். கீழே சொல்பவை எதையும் நிரூபிக்காது. நின்று பார்க்கச் சொல்லும் அடையாளங்கள், அவ்வளவுதான்.

இன்னும் தவழாத, பிடித்துக்கொண்டு நிற்காத குழந்தைக்குக் கன்றிப்போன காயம் இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். தானாக நகராத குழந்தை தானாக அடிபடாது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடலில் எங்கே கன்றியிருந்தாலும் குழந்தை நல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கு முழங்கால், நெற்றி, முழங்கையில் அடிபடுவது இயல்பு. காது, கழுத்து, மார்பு, வயிறு, பிட்டம் இங்கெல்லாம் கன்றியிருந்தால் யோசியுங்கள்.

வெந்நீர்க் காயத்தில் எல்லைக்கோட்டைப் பாருங்கள். தானாக இழுத்துக் கொட்டிக்கொண்டால் காயம் ஒழுங்கற்றுத் தெறித்து, மேலிருந்து கீழே வழிந்திருக்கும். இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே உயரத்தில் நேர்க்கோடாக நின்றால், யாரோ பிடித்து முக்கியிருக்கலாம்.

கதை மாறுகிறதா என்று கவனியுங்கள். ட்ரையாஜில் (வந்ததும் முதலில் பார்க்கும் இடத்தில்) அம்மா ஒன்று சொல்லி, வார்டில் பாட்டி வேறு சொல்லியிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். காயம் நேற்றுக் காலை, வந்தது இன்று இரவு என்றால் அந்த இடைவெளியையும் எழுதுங்கள்.

நம் ஊரில் ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, பிறவியிலேயே இடுப்பிலும் பிட்டத்திலும் வரும் நீலச் சாம்பல் நிறத் திட்டு. நம் குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம். அமுக்கினால் வலிக்காது, நாலு நாளில் நிறம் மாறாது. கன்றிப்போன காயம் என்றால் நாளாக நாளாக நிறம் மாறும். இரண்டாவது, சூடு போடுவது. வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் சூடு போட்டு வைத்தியம் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வயிற்றிலோ நெற்றியிலோ சிறு தழும்புகள் தெரியும். குடும்பம் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்று விட்டுவிட நமக்கு அதிகாரம் இல்லை. காயம் காயமே, குழந்தைகள் நல மருத்துவரிடமும் ஆர்.எம்.ஓ.விடமும் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

4. குழந்தையிடம் பேசுவது

கதவு உள்ள அறை. குழந்தை நம்பும் ஒரு பெரியவர் கூட இருக்கலாம், ஆனால் சந்தேகத்துக்குரியவர் இருக்கக் கூடாது. உடன் வந்தவர் குழந்தைக்குப் பதிலாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், "எடை பார்க்கணும்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போங்கள். எடையையும் உண்மையிலேயே பாருங்கள்.

உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் பேசுங்கள். "என்ன ஆச்சு கண்ணு?", "அப்புறம்?" இரண்டும் போதும். "அந்த மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்காதீர்கள். பதிலை நீங்களே ஊட்டிவிட்டதாக நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்; அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "உனக்கு உதவி பண்ணுறவங்க கிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம்.

ஒரே கதையை ட்ரையாஜ் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், டியூட்டி டாக்டர், மகப்பேறு டாக்டர், கவுன்சிலர் என்று ஐந்து பேர் ஐந்து முறை கேட்பதுதான் மருத்துவமனைகள் செய்யும் பெரிய கொடுமை. ஒருவர் கேட்டு எழுதட்டும். மற்றவர்கள் அதைப் படிக்கட்டும்.

5. ஏ.ஆர். எழுதுவது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "அலெஜ்டு செக்ஷுவல் அசால்ட் பை நோன் பர்சன். ஜி.சி. ஃபேர். நோ எக்ஸ்டர்னல் இன்ஜுரி." மூன்றாண்டு கழித்து இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

எழுத வேண்டியது இப்படி: யார் அழைத்து வந்தார், என்ன உறவு, எத்தனை மணிக்கு. சம்பவம் எந்த நாள், சுமார் எத்தனை மணி, எந்த இடம் என்று யார் சொன்னார். குழந்தை சொன்னதைக் குழந்தையின் சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள்: "அந்த மாமா கதவச் சாத்திட்டாரு. அடிவயித்துல வலிக்குது. அம்மாகிட்ட சொன்னா அடிப்பேன்னாரு." இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் குழந்தையின் குரல் போய் உங்கள் குரல் வந்துவிடும். கேஸ் ஷீட் முழுக்க ஆங்கிலமாக இருந்தாலும் இந்த இரண்டு வரி தமிழில் இருக்கலாம், இருக்க வேண்டும்.

காயங்களை ஒவ்வொன்றாக: இடம், நீள அகலம் சென்டிமீட்டரில், நிறம், வடிவம். உடல் வரைபடத்தில் குறியுங்கள். காயம் இல்லை என்றால் "பார்த்தவரை புறக்காயம் இல்லை" என்று எழுதலாம். அதனால் "எதுவும் நடக்கவில்லை" என்று முடிவு எழுதக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பல குழந்தைகளுக்குக் காயமே இருக்காது.

வயதை, அவர்கள் சொன்ன வயது என்றும், ஆவணம் பார்த்திருந்தால் எந்த ஆவணம் என்றும் எழுதுங்கள். ஆதாரை மட்டும் பார்த்து வயதைத் தீர்மானிக்காதீர்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் எலும்பு வளர்ச்சிச் சோதனை என்ற வரிசையில் முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழுவும் நீதிமன்றமும்.

தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் நேரமும் போடுங்கள். ஒயிட்னர் தடவிய ஏ.ஆர். நீதிமன்றத்தில் உங்களைத்தான் சந்தேகிக்க வைக்கும்.

6. போலீசுக்குத் தகவல்

18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ 19-ஆம் பிரிவு இதை டாக்டருக்கு மட்டும் சொல்லவில்லை. நர்ஸ், ஆயா, செக்யூரிட்டி என யாராக இருந்தாலும் கடமைதான். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நல்லெண்ணத்தில் கொடுத்த தகவல் பிறகு தவறாகப் போனாலும் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. பையன்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இதை மறந்துவிட்டு, "பையன் தானே, ஏதோ விளையாட்டு" என்று அனுப்பி வைத்த கேஸ்கள் எவ்வளவோ.

செய்யும் முறை: முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எடுத்தவர் பெயர், பதவி என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பிறகு எழுத்துப்பூர்வ இன்டிமேஷன். நகலில் காவல் நிலைய முத்திரை, பெற்றவர் கையெழுத்து, தேதி, நேரம் வாங்குங்கள். ஜி.எச். என்றால் வளாகத்திலேயே அவுட்போஸ்ட் இருக்கும். அங்கே கொடுத்தாலும் கையெழுத்து வாங்குங்கள். "சொல்லியாச்சு" என்பது ஆதாரம் ஆகாது.

சில சிக்கல்கள் திரும்பத் திரும்ப வரும்.

குடும்பம் "வேண்டாம் டாக்டர், கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்று காலில் விழும். அவர்கள் வருத்தம் உண்மை. ஆனால் 18 வயதுக்குக் கீழே என்றால் சொல்லாமல் இருக்க உங்களுக்கு வழியில்லை. அதை முதலிலேயே, மென்மையாக, நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனைப் போட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் சிகிச்சையும் கிடைக்காது.

"எங்க லிமிட் இல்ல" என்று காவல் நிலையம் சொன்னால், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் அசையாவிட்டால் 1098-க்கும் 112-க்கும் அழைத்து, அழைத்த நேரத்தை எழுதி வையுங்கள்.

பாதிக்கப்பட்ட குழந்தையும் கைது செய்யப்பட்டவரும் ஒரே கேஷுவாலிட்டி பெஞ்சில் உட்காரும்படி ஆகிவிடும். அவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அவரையும் அதே ஜி.எச்.சுக்குத்தான் கூட்டி வருவார்கள். குழந்தையின் கண்ணில் அவர் படாமல் பார்ப்பது போலீஸின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எந்த அறை காலியாக இருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள்தான்.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தால் சீருடையில் வரக் கூடாது, கூடுமானவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இதை நீங்கள் பணிவாக நினைவுபடுத்தலாம்.

7. பரிசோதனையும் சாம்பிளும்

சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ உடன் இருக்க வேண்டும். யாரும் இல்லாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமித்து எழுத்தில் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம்.

ஒப்புதலைத் தனித்தனியாக வாங்குங்கள்: பரிசோதனைக்கு ஒன்று, சாம்பிள் எடுக்க ஒன்று, சிகிச்சைக்கு ஒன்று. 12 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர். 12-க்கு மேல் என்றால் குழந்தையே. சாம்பிள் வேண்டாம் என்றால் அந்த மறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு சிகிச்சையைத் தொடருங்கள். மறுத்ததற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர் ஆவார் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உடலுறவுக்குப் "பழக்கப்பட்டவர்" என்ற சொல் அறிக்கையில் எங்கும் வரக் கூடாது.

நேரம்: உடலிலிருந்து எடுக்கும் ஸ்வாப் 72 மணி நேரத்துக்குள் பலன் தர அதிக வாய்ப்பு; 96 மணி வரை எடுக்கலாம். அதற்கு மேல் ஆனாலும் சம்பவத்தன்று போட்டிருந்த, துவைக்காத உடையை வாங்கி வையுங்கள்.

சாம்பிள் கெடுவது பெரும்பாலும் பேக்கிங்கில்தான். உடையைப் பாலிதீன் கவரில் போடாதீர்கள். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. அழிந்துவிடும். காகித உறை மட்டும், ஒரு உறைக்கு ஓர் உடை. ஸ்வாப்பை நிழலில் காற்றாட உலர்த்திவிட்டு உறையில் வையுங்கள். வெயிலிலோ ஹீட்டரிலோ காய வைக்க வேண்டாம். உடையைக் கழற்றும்போது தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் நின்று கழற்றச் சொல்லி, அந்தத் தாளையும் மடித்து உறையில் வையுங்கள். விழும் முடியும் மண்ணும் சாட்சிதான். மயக்கம் கொடுத்த சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரை வீணாக்காதீர்கள். "யூரின் போயிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டு அப்புறம் கேட்பது வழக்கமான தவறு.

கருக்கலைப்பு செய்தால் திசுவை ஃபார்மலினில் போடாதீர்கள். பழக்கதோஷத்தில் கை தானாகப் போகும். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். நார்மல் சலைனில் அலசி, மூடியுள்ள அகலவாய்க் குப்பியில், ஐஸ் பெட்டியில் சுமார் 4 டிகிரியில் வைத்து அன்றே போலீசிடம் ஒப்படையுங்கள்.

ஒவ்வோர் உறையிலும் மருத்துவமனை பெயர், ஏ.ஆர். எண், உள்ளே என்ன, எடுத்த தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. அரக்கு முத்திரை. ஒப்படைக்கும் வரை பூட்டிய அலமாரி, ஒப்படைத்ததும் கையெழுத்து. பரிசோதனை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அறிக்கையில் துல்லியமாக வேண்டும். அறிக்கை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும்.

8. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள்

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து 28 நாள். குழந்தைக்கு எடை பார்த்து அளவு. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தோடும் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை) ஏ.ஆர்.டி. மையத்தோடும் (எச்.ஐ.வி. சிகிச்சை) இணைத்துவிடுங்கள். பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம், குமட்டல்தான் காரணம். அதை முன்கூட்டியே சொல்லி வாந்தி மருந்தும் சேர்த்துக் கொடுங்கள்.

வயதுக்கு வந்த பெண் என்றால் கர்ப்பச் சோதனை செய்துவிட்டு அவசரக் கருத்தடை மாத்திரை: லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணிக்குள். ஐந்து நாள் வரை கொடுக்கலாம், பலன் குறையும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் தேவைப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசியும்.

9. செக்கப்புக்கு வந்த பெண்ணுக்குப் பதினேழு வயது என்றால்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதுதான் அதிகம். தாலி கட்டியிருப்பார், கணவரும் மாமியாரும் கூட இருப்பார்கள், பிக்மி எண்ணுக்காக (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) பிறந்த தேதி கேட்டதும் எல்லோரும் அமைதியாவார்கள். கல்யாணம் ஆகியிருந்தாலும் 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ பொருந்தும்; தகவல் சொல்ல வேண்டும். வயதை 19 என்று மாற்றிப் போடச் சொன்னால் செய்யாதீர்கள். ஆவணத்தைத் திருத்தியதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆனால் தகவல் சொல்வது, அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க மறுப்பதற்கான காரணம் ஆகிவிடக் கூடாது. போலீஸ் பயத்தால் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

கருக்கலைப்பு என்றால் 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து, 20 முதல் 24 வாரம் வரை இருவரின் கருத்து. 18-க்குக் கீழே என்றால் பாதுகாவலரின் எழுத்து ஒப்புதல். 24 வாரம் தாண்டிய வன்முறைக் கர்ப்பத்துக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், அன்றே அனுப்புங்கள், ஒவ்வொரு நாளும் வாரக் கணக்கில் சேரும். சிறுமி விருப்பத்தோடு இருந்த உறவில் கருவுற்று, அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவர் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகவலே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

10. "குழந்தை வேண்டாம்" என்றால்

பிரசவ வார்டில் இதைக் கேட்டதும், "எனக்குத் தெரிஞ்ச நல்ல குடும்பம் இருக்கு, பிள்ளை இல்லாதவங்க" என்று யாராவது வருவார்கள். நல்ல மனசோடுகூடச் சொல்லலாம். செய்தால் குற்றம். சட்டமுறை இல்லாமல் குழந்தையைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்றாண்டு வரை சிறை. பணம் கைமாறி, மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டால் மூன்று முதல் ஏழாண்டு.

சரியான வழி: தாய் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைப்பு ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. விட்டுவிட்டுப் போன குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் 1098, காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ.

11. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியவர்கள்

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு பெரிய வேறுபாடு: சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மருமகள் அடித்தாள் என்று பாட்டி உங்களிடம் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத தாயி" என்றால், காயத்தை எழுதி, 14567-ஐயும் 181-ஐயும் சொல்லி, அவர் மட்டும் தனியாக இருக்கும் நேரத்தில் மறுபடி ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாம் முறைதான் பேசுவார்கள்.

பார்க்க வேண்டியவை: இடுப்பிலும் குதிகாலிலும் ஆழமான படுக்கைப் புண், நீர்ச்சத்து குறைந்த வறண்ட நாக்கு, நாள் கணக்கில் மாற்றாத உடை, மணிக்கட்டில் கயிறு கட்டிய தடம். பக்கவாதம் வந்தவரை ஒருவரே பார்த்துக்கொள்ளும் வீட்டில் படுக்கைப் புண் வருவது கொடுமையால்தான் என்று சொல்லிவிட முடியாது. களைத்துப்போன மகளைக் குற்றவாளி ஆக்காதீர்கள். காற்றுப் படுக்கை எங்கே கிடைக்கும் என்று சொல்லிக் கொடுங்கள்.

வார்டில் கண்முன்னே நடப்பது ஒன்று: ஐ.சி.யூ.வில் இருக்கும் பெரியவரிடம் கைநாட்டு வாங்க முத்திரைத் தாளும் மைப்பெட்டியுமாக உறவினர் வருவார். "சிஸ்டர், ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும்" என்பார்கள். போடாதீர்கள். டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்; அந்த நேரத்தில் நோயாளியின் நினைவுநிலை எப்படி இருந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.டி.எம். கார்டு, நகை, ஃபோன் எதையும் நர்சிங் ஸ்டேஷனில் வாங்கி வைக்காதீர்கள். முடியாத பட்சத்தில் இரு சாட்சியோடு பட்டியல் போட்டு ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில்.

அட்மிட் செய்துவிட்டு உறவினர் திரும்பி வராமல் போனால்: முதியவரைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. போலீசுக்கு இன்டிமேஷன் கொடுங்கள். பராமரிப்புத் தொகை கேட்க வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

மாற்றுத்திறனாளி மீது வன்முறை நடப்பது தெரிந்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி யாரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். காது கேளாதவரிடம் அவரது அண்ணனை மொழிபெயர்ப்பாளராக வைத்துக் கேட்காதீர்கள். அண்ணனைப் பற்றியே அவர் சொல்ல வந்திருக்கலாம்.

12. குற்றம் சாட்டப்படுபவர் நம் ஆளாக இருந்தால்

மருத்துவமனையில் வேலை செய்பவர் அதே மருத்துவமனையில் குழந்தை மீது செய்யும் பாலியல் குற்றத்தைச் சட்டம் கடுமையாக்கப்பட்ட குற்றமாகக் கருதுகிறது. "முதல்ல உள்விசாரணை முடியட்டும், பேர் கெட்டுடும்" என்று நிர்வாகம் சொல்லும். ஊழியர்களுக்கிடையேயான பாலியல் தொல்லைக்குத்தான் உள் புகார்க் குழு. நோயாளியான குழந்தை விஷயத்தில் அது காத்திருப்பு அறை ஆக முடியாது. தகவல் உடனே போலீசுக்கு. கீழ் ஊழியர் செய்ததைச் சொல்லாமல் மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

தினசரிப் பழக்கம்: நோயாளியின் உடையை நீக்கிச் செய்யும் எந்தச் செயலிலும், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., கதீட்டர், ஸ்பாஞ்ச் பாத் எதுவானாலும், இரண்டாவது ஆள் உடன் இருக்கட்டும். இது நோயாளிக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும்.

13. வாட்ஸ்அப்

டியூட்டி குரூப்பில் "இன்னைக்கு ஒரு போக்சோ, ஓ.ஜி. வார்டு 3-ஆம் பெட்" என்று போடுவது அடையாளத்தை வெளியிடுவதில் சேரும். பி.என்.எஸ். 72-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை, அபராதம். காயத்தின் புகைப்படம் தேவை என்றால் ஒப்புதலோடு, அளவுகோல் வைத்து, மருத்துவமனைக் கேமராவில். சொந்த ஃபோனில் வேண்டாம். வார்டு போர்டிலும் கட்டில் அட்டையிலும் "போக்சோ" என்று எழுதுவதை இன்றே அழித்துவிடுங்கள். வாசலில் நிற்கும் நிருபருக்கு எந்தப் பதிலும் இல்லை; ஆர்.எம்.ஓ.விடம் அனுப்புங்கள்.

14. சம்மன் வரும்

ஓராண்டோ நான்காண்டோ கழித்து வரும். அப்போது வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டாக்டருக்கு மட்டுமல்ல, முதலில் கேட்டு எழுதிய நர்சுக்கும் வரும். சம்மன் கிடைத்த அன்றே பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு ஏ.ஆர். எண்ணோடு கடிதம் கொடுங்கள். ஃபைல் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். முந்தின நாள் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, நீங்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள். நினைவில் இல்லாததை "நினைவில்லை" என்று சொல்லலாம். ஏ.ஆரில் இல்லாததைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தத் தமிழ் வரிகளை எழுதி வைத்திருந்தீர்கள் என்றால், வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, "இது குழந்தையே சொன்னதா?" என்று கேட்பார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு இறங்கலாம்.